ஒரு முழ றப்பர் குழாய்

வன்னி மீதான பொருளாதாரத் தடையைப் பற்றி எழுதியவர்கள் மருந்தையும் எரிபொருளையும் குறிப்பிடத் தவறுவதில்லை. றப்பர் குழாயை எவரும் குறிப்பிட்டு நான் வாசித்ததில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் தடைசெய்யப்பட்ட பொருட்களில் வாகன உதிரிப்பாகங்களும் அடங்கியிருந்தன. அதன் முழுப்பொருளை நெடுங்கேணி போன்றதோர் ஊரில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், வவுனியா மாவட்டத்தின் வட எல்லையை அண்டியுள்ளது நெடுங்கேணி. 1997 மே மாதம் 'ஜெயசிக்குறு' நடவடிக்கையின்போது இராணுவம் அதனைக் கைப்பற்றியது. 1999 நவம்பரில் விடுதலைப் புலிகள் மீண்டும் தம்வசப்படுத்தினர். அந்த ஆண்டுகளில் வன்னியின் நோயாளிகளும் நெல்மூட்டைகளும் இடம்பெயர்ந்தோரின் தட்டுமுட்டுச் சாமான்களும் உழவு இயந்திரங்களையும், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களையுமே நம்பியிருந்தன.

பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை இயக்கிவிட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். பெற்றோலுக்கென அமைந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும்போது தட்டும்; மிதமிஞ்சிச் சூடேறும். ஆகவே குளிர்விக்கும் நீரே அதன் உயிர். அந்த நீர் ஓடும் றப்பர் குழாய்களில் ஒன்று வெடித்தாலும் நீர் வற்றி, கஸ்கற் எரிந்து, சிலிண்டர் தலை வளைந்துவிடும். பாதிவழியில் வண்டி நின்றால் அதிலிருந்த நோயாளியின் கதி என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

இக்குழாய்களில் ஹீற்றர் குழாய் ஒரு விசித்திரம். குளிர்நாடுகளில் வண்டியின் உட்பகுதியை வெப்பமாக்க எஞ்சினின் சுடுநீரைக் கொண்டுசெல்வது அதன் வேலை. வன்னி வெயிலில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் கசிந்தால் எஞ்சினையே கொன்றுவிடும். வழமையான திருத்தம் எளிது: எஞ்சின் ஆறியபின் நீரை வடித்து, பழைய குழாயை வெட்டியகற்றி, வாய்ப்பகுதியைத் துடைத்து, புதியதைச் செருகிக் கிளிப்பை இறுக்க வேண்டும். புதிய குழாய் கிடைக்காதபோது ஹீற்றரைக் கழற்றிவிட்டு, நீர் வெளிவரும் வாயையும் திரும்பும் வாயையும் சிறு துண்டுக் குழாயால் நேரே இணைத்துவிடலாம். எஞ்சிய நல்ல துண்டு வேறோர் இடத்துக்கு உதவும். றேடியேற்றர் குழாயின் வெடிப்புக்குச் சைக்கிள் ரியூப்பைக் கீறிச் சுற்றிக் கம்பியால் வரிந்து கட்டினார்கள்.

இங்கே வரலாற்றின் முரண் ஒன்று உண்டு. பிரேசிலின் விதையிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பிக்கப்பட்ட றப்பர் கன்றுகள் 1876 இல் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. கொரியப் போர்க்காலத்தில் சீனாவுக்கு றப்பர் விற்கலாகாது என்ற மேற்குலகின் தடையைப் பொருட்படுத்தாமல், 1952 இல் டட்லி சேனநாயக்க அரசாங்கம் றப்பருக்கு அரிசி பெறும் ஒப்பந்தத்தைச் செய்தது. தன் மக்களின் சோற்றுக்காக ஒரு றப்பர் தடையை மீறிய நாடுதான், நான்கு தசாப்தங்களின் பின் தன் குடிமக்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு முழ றப்பர் குழாயைத் தடுத்தது.

2002 இல் தடை பெருமளவில் நீக்கப்பட்டது. தடைப்பட்டியலுக்கு அரச ஆவணங்கள் சாட்சி. அதனை வென்ற மெக்கானிக்குகளின் கைவேலைக்கு அப்படியோர் ஆவணம் இல்லை. அவர்களில் பலர் இன்று முதியவர்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது இனிமேலும் தள்ளிப்போடக்கூடிய வேலையல்ல.