நீட்டிய கால்களில் ஒரு மஞ்சனம்

எங்கள் ஆச்சி பிள்ளை குளிப்பாட்ட உட்கார்ந்துவிட்டால் யாரும் குறுக்கே போகக் கூடாது. முற்றத்தில் பலகையைப் போட்டு, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, இரண்டு கால்களையும் சேர்த்து நீட்டுவாள். கால்களுக்கு நடுவே விழும் பள்ளம்தான் பிள்ளைக்குத் தொட்டி. அண்டாவிலிருந்து செம்பில் மொண்ட வெந்நீரை முதலில் தன் காலில் ஊற்றிப் பார்ப்பாள். அவள் கால் பொறுத்தால்தான் பிள்ளை மேல் விழும். ஒரு கை நீர் ஊற்றும். மற்றொரு கை பிள்ளையை விட்டு நகரவே நகராது.

எங்களுக்கு ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பெரியாழ்வாரும் இவ்வூர்க்காரரே. கண்ணனை மஞ்சனமாட, அதாவது குளிக்க, அழைக்கும் யசோதையாகத் தன்னைப் பாவித்து ஒரு பதிகமே பாடியிருக்கிறார். வெண்ணெயும் புழுதியும் அப்பிய பிள்ளைக்காக எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு தாய் காத்திருக்கிறாள். நெல்லியிட்டுக் காய்ச்சிய நீர் கடாரத்தில் நிறைந்திருக்கிறது. இன்று உன் பிறந்த நாளான திருவோணம் என்கிறாள். தின்பண்டம் தருகிறேன் என்கிறாள். இந்தக் கோலத்தில் பார்த்தால் உன் காதலி நப்பின்னை சிரிப்பாள் என்றும் சொல்லிப் பார்க்கிறாள். பதிகம் முழுக்கக் கெஞ்சலும் கொஞ்சலும்தான்; ஓரிடத்தில்கூட அடி இல்லை.

ஆச்சிக்குப் பிள்ளை குளிப்பாட்டும் வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் ஊர் மருத்துவச்சி. அந்தக் காலத்துக் கிராமங்களில் பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண்கள். தொப்புள்கொடி அறுப்பதும், தீட்டுக் கழிக்கும் நாள்வரை பிள்ளைக்கு நீர் வார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. ஊர்ப் பிள்ளைகளை முதலில் தொட்டுத் தூக்கிய அந்தக் கைகளுக்குரியவளைப் பின்வாசல் வழியாகவே வரச் செய்தார்கள். ஆச்சி இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் மருத்துவச்சியின் வேலை பாட்டிகளின் கால்களுக்கு வந்து சேர்ந்தது.

நல்லதோடு கெட்டதும் வந்தது. மூக்கில் எண்ணெய் விடுவது, சளி எடுப்பதாக மூக்கில் ஊதுவது, தலையை அமுக்கி உருட்டுவது, கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகைக்கு மேல் பிள்ளையைக் காட்டுவது. என் மூத்தவனுக்கு நாற்பது நாளில் மூக்கில் எண்ணெய் விட்டோம். இருமல் பிடித்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும்படி ஆனது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அழற்சி வரும் என்று மருத்துவர் சொன்னபோது ஆச்சி வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப் பரணில் போட்டாள். அதற்குப் பின் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அவள் மூக்கில் எண்ணெய் விட்டதில்லை.

முறை மாறினால் மரபு கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் அந்தப் பதிகத்தைப் பார்க்கட்டும். அதில் வரும் புளிப்பழத்தை இன்று யாரும் தேய்ப்பதில்லை. அதன் இடத்துக்குப் பயற்றமாவு வந்தது, பிறகு சோப்பு வந்தது. பிறந்த உடனே குளிப்பாட்டும் வழக்கமும் அப்படித்தான் மாற வேண்டும். பச்சைப்பிள்ளையின் உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும் என்பதால், முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆச்சி போய்ப் பல வருஷமாகிவிட்டது. என் பேத்தியை இப்போது நான்தான் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறேன். நீர் 37 டிகிரி, உடம்புச் சூட்டின் அளவு. முழங்கையை நனைத்துப் பார்த்தாலே தெரியும். மூக்கையும் காதையும் தொடுவதில்லை. புகை இல்லை. போன் அடித்தால் அடிக்கட்டும், பிள்ளையை விட்டுக் கையை எடுப்பதில்லை. நாலு விரற்கடை நீர்கூடக் கைக்குழந்தையின் மூச்சை நிறுத்திவிடும். பேத்தியோடு பேச்சு மட்டும் ஓயாமல் நடக்கும். புதிதாகத் தாயாகும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாட்டியின் கால்களை வாங்கிக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கிண்ணத்தைப் பரணிலேயே விட்டுவிடுங்கள்.