பால்மர நிழலும் நம் பெண்களின் கைகளும்



நிழலில் எதுவும் வளராது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மரத்தடியைப் பெருக்கி வெறுந்தரையாக வைப்பதே தூய்மை என்றும் நம்புகிறோம். இதே நம்பிக்கை தோட்டப்புறத்தில் நம் மக்களின் உழைப்பையும் உடல்நலத்தையும் விலையாகப் பெற்றது. அவ்வரலாற்றை இங்குச் சுருக்கமாக எழுதுகிறேன்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெடாவின் தென்பகுதியில், கூலிம், கோல மூடா வட்டாரங்களில், காடுகள் அழிக்கப்பட்டு இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பால்மரத்தடியில் ஒரு புல்லும் நிற்கலாகாது என்பது அக்காலத் துரைமார்களின் கொள்கை. லாலாங் புல் மரத்தின் உணவைப் பறிக்கும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் பொய்யன்று. எனினும், லாலாங்கோடு மற்றப் பசுமையும் களையப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர், ஆண்களும் பெண்களுமாகக் குனிந்து களை கொத்தினர். மூடாக்கு இழந்த சரிவுகளில் மேல்மண்ணை மழை அடித்துச் சென்றது.

1925-இல் மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. 1934-இல் ஹெயின்ஸ் என்னும் அறிஞர் எழுதி அக்கழகம் வெளியிட்ட கையேடு, தானாக வளரும் அடிச்செடிகளின் பயனையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் முறையையும் விளக்கியது. பியூரேரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகளும் மூடுபயிராக நடப்பட்டன. இவை அவரை இனத்தைச் சேர்ந்தவை. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கு அளிப்பவை. ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகளில் மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் அடர்ந்ததும் இக்கொடிகள் மங்கிவிடும். அவ்விடத்தைப் பெரணிகளும் நிழல் தாங்கும் புற்களும் பிடித்துக்கொள்ளும்.

ஆயினும் வெறுந்தரை ஆசை முற்றும் ஒழியவில்லை. மண்வெட்டி இருந்த இடத்திற்குப் பின்னாளில் தெளிப்பான் வந்தது. பராகுவாட் என்னும் நஞ்சை நம் மக்கள் 'மருந்து' என்றே அழைத்தனர். அதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். என் பெரியம்மாவும் ஒரு தோட்டத்தில் மருந்தடித்தவரே. அவருடைய கைநகங்கள் நிறம் மாறிச் சிதைந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

தெனாகானித்தா அமைப்பு 2002-இல் இப்பெண்களின் நிலையை ஆய்ந்து நூலாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசு இந்நஞ்சுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 சனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது.

இவ்வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கப் பள்ளியின் மரத்தடியே போதும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் மண்மேல் மூடாக்காக விடுவோம். அடர்நிழலில் பெரணியும், சற்று வெளிச்சம் விழும் இடத்தில் சேம்பும் மஞ்சளும், மரத்தை ஒட்டி வெற்றிலையும் நடுவோம். நிழலில் ஈரம் விரைவில் உலராது. ஆகவே, மண்ணைத் தொட்டுப் பார்த்தே நீரூற்றப் பழக்குவோம். கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வறண்ட மாதங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தொட்டித் தட்டுகளில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும் என்பதையும் நினைவிற் கொள்வோம்.

பெற்றோர்களே, உங்கள் இல்லத்தில் களை கொத்திய பாட்டியோ மருந்தடித்த அத்தையோ இருந்தால், அவர் அருகில் பிள்ளைகளை அமரச் செய்யுங்கள். அவர் சொல்லும் செய்தி எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர் இருக்கும்போதே அது கேட்கப்பட வேண்டும்.