கொடுவா மீனுக்கு எந்தக் கம்பு? மூங்கில் முதல் கார்பன் வரை ஒரு சின்ன வரலாறு

காளப்பநாயக்கன்பட்டிக்கும் கடல் மீனுக்கும் என்ன சம்பந்தம்? நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. இங்கிருந்து காரவள்ளி போனால் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்துவிடும். கடல் வெகு தூரம். ஆனாலும் கரையில் நின்று மீன் பிடிக்கும் கம்பின் வரலாறு மலையில்தான் தொடங்குகிறது. காரணம், மூங்கில்!

சங்க காலத்திலேயே இதை ஒரு புலவர் கவனித்திருக்கிறார். குறுந்தொகையின் 54-ஆம் பாடலில் காட்டு யானை ஒன்று பச்சை மூங்கிலை வளைத்துவிட்டுக் கைவிடுகிறது. மூங்கில் சட்டென்று மேலே எழுகிறது. மீன் சிக்கியதும் தூக்கப்படும் தூண்டிலைப் போல அது எழுந்ததாம். புலவரின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இந்த உவமையாலேயே அவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர் நிலைத்துவிட்டது. நல்ல கம்புக்கு என்ன வேண்டும் என்பதும் இந்த உவமையிலேயே இருக்கிறது. வளைய வேண்டும், வளைந்தது திரும்பி எழவும் வேண்டும். அவ்வளவுதான்.

கல் மூங்கில் கடல் கடந்த கதை

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட காடுகளில் கல் மூங்கில் வளர்கிறது. மற்ற மூங்கிலைப் போல நடுவில் பெரிய பொந்து இருக்காது, ஏறக்குறைய கெட்டியாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மூங்கிலுக்கு அங்கே "கல்கத்தா கேன்" என்று பெயர். அதுவும் இதே இனம்தான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

பென்சில்வேனியாவில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த சாமுவேல் பிலிப் என்பவர் 1840-களில் மூங்கிலைப் பட்டை பட்டையாகப் பிளந்து ஒட்டிக் கம்பு செய்தார். 1870-களில் ஹைரம் லியோனார்டு ஆறு பட்டைகளை ஒட்டிய கம்புகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம்மூரில் சிறுவர்கள் குளக்கரையில் பிடிக்கும் அதே மூங்கில் அங்கே பணக்காரர்களின் விலையுயர்ந்த பொருளாகிவிட்டது. வித்தியாசம் மூங்கிலில் இல்லை, கைவேலையில்தான் இருந்தது.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் "தி ராட் இன் இந்தியா" என்ற நூலை 1873-இல் மங்களூரில் வெளியிட்டார். இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றிய முக்கியமான பழைய நூல் இது.

பிறகு சீனாவின் டோங்கின் மூங்கில் வந்து கல்கத்தா மூங்கிலை ஓரங்கட்டியது. 1950-இல் அமெரிக்கா சீனப் பொருட்களுக்குத் தடை விதித்ததும் அதுவும் நின்றது. அதற்குள் கண்ணாடி இழைக் கம்புகள் சந்தைக்கு வந்துவிட்டன. 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வலுவான கார்பன் இழை உருவானது. 1970-களில் அதுவும் தூண்டில் கம்பாகிவிட்டது.

சரி, கொடுவாய்க்கு எது நல்லது?

ஐரோப்பியக் கடற்கரைகளில் "பாஸ்" மீனுக்குத் தனியாகக் கம்பு தேர்ந்தெடுப்பார்கள். நம் கரையில் அந்த இடம் கொடுவாய்க்கு. கடல், முகத்துவாரம், ஆறு என்று மூன்றிலும் வாழும் மீன் இது. ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும் விசித்திரமும் இதற்கு உண்டு. முள்ளில் மாட்டியதும் தண்ணீரை விட்டுத் துள்ளி, தலையை உதறும். கம்பு விறைப்பாக இருந்தால் அந்த உதறலிலேயே முள் கழன்றுவிடும். ரொம்பத் தொளதொளவென்று இருந்தால் மீன் பாறை இடுக்குக்குள் ஓடிவிடும். நுனி வளைந்து கொடுக்க வேண்டும், அடிப்பாகம் உறுதியாக இருக்க வேண்டும்.

நீளமும் முக்கியம். அலையைத் தாண்டி எறிய வேண்டிய திறந்த கடற்கரையில் 10 முதல் 12 அடி. முகத்துவாரக் கரையில் 7 முதல் 9 அடி போதும். எத்தனை கிராம் எடை வரை எறியலாம் என்று கம்பின் மேலேயே போட்டிருப்பார்கள். அதை மீறினால் கம்பு உடையும். கொடுவாயின் செவுள் மூடியில் கத்தி போன்ற விளிம்பு இருப்பதால், முள்ளுக்கு அருகில் தடித்த நரம்பு கட்டுவது அவசியம்.

புதிதாகத் தொடங்குபவருக்குக் கண்ணாடி இழைக் கம்பு ஏற்றது. கனம் கொஞ்சம் அதிகம், ஆனால் அடிபட்டாலும் தாங்கும். கார்பன் லேசானது, மீன் தொடுவதைக் கையில் நன்றாக உணர்த்தும். ஆனால் பாறையில் மோதினால் விரிசல் விடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்! மின்கம்பிக்குக் கீழேயும் இடி மின்னல் நேரத்திலும் அதைத் தூக்கிப் பிடிப்பது உயிருக்கே ஆபத்து.

மூங்கிலை மறந்தது ஏன்?

மூங்கில் தாவரவியல்படி புல் வகை. ஆனால் 1927-இன் இந்திய வனச் சட்டத்தில் அது மரம் என்று எழுதப்பட்டிருந்தது. சொந்த நிலத்தில் வளர்த்ததை வெட்டிக் கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு 2017-இல்தான் விடுதலை கிடைத்தது. 90 வருடங்கள்!

உலகுக்கே கம்பு கொடுத்த ஒரு புல்லை இன்று "ஏழை வீட்டுக் குச்சி" என்று நினைத்துவிடுகிறோம். கொடுவாயுடன் போராடக் கார்பன் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் கடையில் அதை வளைத்துப் பார்க்கும் ஒவ்வொருவரும், மீனெறி தூண்டிலார் மூங்கிலில் பார்த்த அதே குணத்தைத்தான் தேடுகிறார்கள்.