ஏழாம் வகுப்பில் நான் சொன்ன தப்பான பதில்

சாரல் நன்றாக இருக்கிறது. நேற்று ஐந்தருவியில் குளித்துவிட்டு செங்கோட்டை வழியாக வந்தேன். திருவிதாங்கூரின் சங்கு முத்திரை உள்ள பழைய தோரண வாயிலைப் பார்த்ததும் ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது.

பல வருடங்களுக்கு முன்னால், ஏழாம் வகுப்பில் ஆபிரகாம் லிங்கன் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், நம்ம ஊர்ல அடிமைங்க இருந்தாங்களா?" என்று கேட்டான். "அதெல்லாம் அமெரிக்காவுலடா, உட்காரு" என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். ஓய்வுக்குப் பிறகு புத்தகங்களை உட்கார்ந்து படித்தபோதுதான் நான் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை நம் மாநிலத்தில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தென்காசியும் குற்றாலமும் வெள்ளைக்காரன் ஆண்ட திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. சில மைல் மேற்கே செங்கோட்டை, புளியரை எல்லாம் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. இரண்டு பக்கமும் அடிமைகள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் 1836இல் எடுத்த கணக்குப்படி மொத்த ஜனத்தொகை சுமார் 12,80,000. அதில் 1,64,000க்கும் மேற்பட்டவர்கள் அடிமைகள். அதாவது எட்டு பேரில் ஒருவர். பெரும்பாலும் புலையர், பறையர், குறவர். நாம் வீட்டை ஒற்றிக்கு விடுகிறோமே, அதுபோல அங்கே ஆளை ஒற்றி வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம், விற்கவும் செய்யலாம்.

இங்கிலாந்து 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கு அந்தச் சட்டமும் பொருந்தாது என்று எழுதி வைத்தார்கள். நமக்கு வந்தது 1843ஆம் வருடத்து 5ஆம் சட்டம். அதைப் படித்தால் ஒரு விஷயம் புரியும். அடிமை வைத்திருப்பது குற்றம் என்று அதில் இல்லை. 'இவன் என் அடிமை' என்று யாராவது வழக்குப் போட்டால் கோர்ட் ஏற்காது, வரி பாக்கிக்காக அதிகாரிகள் ஆளை ஏலம் போடக்கூடாது என்பது போன்ற விதிகள்தான் இருந்தன. ஆளை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று ஆனது 1860இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகுதான்.

திருவிதாங்கூரில் இன்னும் மெதுவாக நடந்தது. 1847இல் மிஷனரிகள் மகாராஜாவிடம் மனு கொடுத்தார்கள். 1853இல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் பிள்ளைகள் மட்டும் சுதந்திரம் என்றார்கள். பெற்றவள் அடிமை, பிள்ளை சுதந்திரம்! 1855இல்தான் முழு விளம்பரம் வந்தது. அப்படியானால் 1843 முதல் 1855 வரை பன்னிரண்டு வருடம், தென்காசியில் கோர்ட் ஏற்காத உரிமை செங்கோட்டையில் செல்லுபடியானது. சாயங்காலம் நடந்து போய்வரும் தூரம்தான்.

சட்டம் வந்த மறுநாள் அந்த மனிதன் எங்கே போவான்? குடிசை இருக்கும் இடம் பண்ணையாருடையது. நெல் அவர் வீட்டுக் குதிரில். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அவர் கணக்கில். அதனால் பெயர் மட்டும் 'பண்ணையாள்' என்று மாறியது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1865இல் 40 லட்சம் பேர் விடுதலை ஆனார்கள். சிலருக்கு 40 ஏக்கர் கொடுப்பதாகச் சொன்ன நிலத்தை, லிங்கனுக்கு அடுத்து வந்த ஜனாதிபதி ஜான்சன் பழைய முதலாளிகளிடமே திருப்பிக் கொடுத்தார். விடுதலையானவர்கள் அதே வயலில் வாரத்துக்கு உழுதார்கள். சுதந்திரம் கொடுத்தார்கள், குடியிருக்க ஒரு சென்ட் கொடுக்கவில்லை.

நம் மாநிலத்தில் குடியிருக்கும் மனையை அந்த விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல் வந்தது. கணக்குப் போடுங்கள், 1843இலிருந்து 128 வருடம். 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனை ரத்து செய்ததோடு, விடுவிக்கப்பட்டவரை வீட்டைவிட்டு வெளியேற்றக்கூடாது என்றும் சொன்னது. 1843இல் விட்டுப்போன வரி அதுதான்.

உறவினர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் வீட்டிலும் தலைமுறையாக ஒரு குடும்பம் இருந்தது. ஆச்சி அவர்களை "நம்ம ஆளு" என்பாள். பாசமாகச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன். பொங்கலுக்கு வேட்டி, அறுப்புக்கு நெல் கொடுத்தோம் என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். அவர்கள் வேறு பண்ணைக்குப் போக முடிந்ததா என்று நாம் யாரும் கேட்டதில்லை.

அந்தப் பையன் பெயரை இங்கே போடவில்லை. இந்தக் குழுவில்தான் இருக்கிறான், திருப்பூரில் வேலை. தம்பி, அன்று நீ கேட்டதற்கு பதில்: ஆமாம், இருந்தார்கள். உன்னை உட்காரச் சொல்லியிருக்கக்கூடாது.

புளியரை, செங்கோட்டைப் பக்கத்து மாணவர்கள், உங்கள் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டது ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் போன் பண்ணுங்கள், வீட்டுக்கே வருகிறேன்.