கிட்டங்கியும் கூட்டும் வட்டியில்லாக் கடனும்

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி வைத்திருந்த காலத்தில் செட்டியார்களிடம் கம்போங் மலாய்க்காரர்களும் கடன் வாங்கினார்கள். பலருக்கு அடமானம் நிலம்தான். மலாய்க்காரர் அல்லாதவர்களிடம் நிலம் போய்விடாமல் இருக்க பிரிட்டிஷ் நிர்வாகம் 1913-ல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சட்டம் நிலத்துக்கு வேலி போட்டது. அவசரத்துக்குப் பணம் எங்கே வாங்குவது என்பதற்கு வழி சொல்லவில்லை.

வழி ஹஜ் பயணத்திலிருந்து வந்தது. வட்டி ஹராம் என்பதால் பலர் வங்கிப் பக்கமே போகவில்லை. நிலத்தையும் மாட்டையும் விற்று மக்கா போனவர்கள் திரும்பி வந்து வறுமையில் விழுந்தார்கள். பொருளியலாளர் உங்கு அசிஸ் 1959-ல் இதற்கொரு சேமிப்புத் திட்டம் எழுதினார். 1963-ல் அது நடைமுறைக்கு வந்தபோது சேர்ந்தவர்கள் 1,281 பேர். போட்ட பணம் 46,600 வெள்ளி. இன்றைய தாபோங் ஹாஜி அதன் வளர்ச்சிதான். அங்கே வட்டி கிடையாது. முதலீட்டில் வரும் லாபத்தில் பங்கு.

கடனுக்கான கதவு 1986-ல் திறந்தது. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியைப் பின்பற்றி, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிப்பன்ஸும் சுகோர் காசிமும் வடமேற்கு சிலாங்கூரில் இக்தியார் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். மறு ஆண்டு அமானா இக்தியார் மலேசியா பிறந்தது. ஐந்து பேர் குழு, வாராவாரம் தவணை, அடமானம் இல்லை. கிராமீன் வட்டி வாங்கியது. இங்கே நிர்வாகக் கட்டணம். 'பேரை மாத்திட்டா வட்டி இல்லன்னு ஆயிடுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டணம் முன்கூட்டியே முடிவானது. வட்டி போல குட்டி போடாது.

அதே சிலாங்கூரின் தோட்டங்களில்தான் நம்மவர்களும் இருந்தார்கள். தோட்டம் தனியார் நிலம் என்பதால் அரசின் கிராம மேம்பாட்டுக் கணக்கில் நெடுங்காலம் அது சேரவில்லை. அவர்களுக்கு இருந்தது கூட்டு. மாசாமாசம் ஆளுக்கு இவ்வளவு, முறை வந்தவருக்கு மொத்தப் பணம். குலுக்கல் கூட்டில் வட்டியே கிடையாது. பணத்தோடு ஆள் ஓடிப்போன கதைகளும் நிறைய உண்டு. 1971-ல் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றமானது. நம்முடைய 'கூட்டு' என்ற சொல்லே அந்தச் சட்டத்தின் தலைப்பில் இருக்கிறது. 1913 போலவே இந்தச் சட்டமும் ஒரு வழியை அடைத்தது, மாற்று தரவில்லை.

2024-ல் அமானா இக்தியார் இந்தியப் பெண்களுக்கென்று 'பெண்' என்ற திட்டத்தை 5 கோடி வெள்ளியில் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் அதற்குள் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, ஜனங்கள் கிள்ளான் அடுக்குமாடிகளுக்கும் ஆலோங்கின் கைக்கும் வந்து சேர்ந்திருந்தார்கள். வட்டி இல்லாமல் கடன் தர முடியும் என்பதை இந்நாடு எப்போதோ நிரூபித்துவிட்டது. தோட்டத்தையும் ஒரு கிராமமாக எண்ணத்தான் தாமதமானது.