ஆக்டின் இழைக் கட்டுப்பாடு: ஆய்வு வரலாறு

ஆக்டின் என்பது தசைகளிலும், கருவுடைய ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் காணப்படும் ஒரு புரதமாகும். இதன் தனி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட இழைகளாகின்றன. உயிரணு ஊர்வதற்கும், வடிவம் மாறுவதற்கும், இரண்டாகப் பிரிவதற்கும் இவ்விழைகள் தேவை. இவை எங்கே, எப்போது உருவாக வேண்டும் என்பதை வேறு பல புரதங்கள் கட்டுப்படுத்துகின்றன. அப்புரதங்களை இனங்காண அறுபது ஆண்டுகள் ஆயின.

கண்டுபிடிப்பு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 ஆம் ஆண்டு, அங்கேரியின் செகெட் நகரில் ஆல்பெர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் புருனோ ஸ்ட்ராப் தசையிலிருந்து ஆக்டினைப் பிரித்தெடுத்தார். உப்பில்லாத நீரில் தனித்தனி மூலக்கூறுகளாக இருந்த ஆக்டின், உப்பு சேர்த்ததும் இழைகளாகிக் கரைசலைக் கெட்டியாக்கியது. போர் காரணமாக இச்செய்தி மேலைநாடுகளுக்குத் தாமதமாகவே எட்டியது.

ஒரு புதிர்

1960களில் சப்பானின் பூமியோ ஊசாவா இழையாகும் முறையை விளக்கினார். முதலில் சில மூலக்கூறுகள் கூடி ஒரு தொடக்கக் கரு உருவாக வேண்டும். இது கடினமான படி. அதன்பின் இழை விரைவாக வளரும். ஆக்டினின் செறிவு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மட்டுமே இது நிகழும்.

1966 இல் சதாசி ஃகத்தானோவும் ஊசாவாவும் பைசாரம் என்னும் சளிப்பூஞ்சையில் ஆக்டினைக் கண்டனர். தசையற்ற உயிரணுக்களிலும் ஆக்டின் இருப்பது உறுதியானதும் ஒரு புதிர் எழுந்தது. பல உயிரணுக்களில் தனி ஆக்டினின் அளவு அந்த எல்லையைப் போல் நூறு மடங்குக்கும் மேல் இருந்தது. அப்படியிருந்தும் அது முழுவதும் இழையாகிவிடாதது ஏன்?

தடுப்பனவும் வெட்டுவனவும்

சுவீடன் ஆய்வாளர்கள் 1977 இல் கன்றின் மண்ணீரலிலிருந்து புரோஃபிலினைப் பிரித்தனர். இது தனி ஆக்டினுடன் இணைந்து, புதிய இழைகள் தாமாகத் தோன்றுவதைத் தடுக்கிறது. 1979 இல் அறியப்பட்ட செல்சோலின், கால்சியம் இருக்கும்போது இழையை வெட்டி அதன் முனையை மூடுகிறது. இரத்தத் தட்டுக்களில் பெருமளவு ஆக்டினைப் பிடித்து வைத்திருப்பது தைமோசின் பீட்டா-4 என்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது.

தொடங்கி வைப்பன

தடையை மீறி இழையைத் தொடங்கி வைப்பது எது என்ற கேள்வி எஞ்சியது. 1994 இல் உலாரா மச்செசுக்கி, தாமசு பொலார்டு ஆகியோர் அமீபா ஒன்றிலிருந்து ஏழு புரதங்கள் சேர்ந்த ஆர்ப்2/3 தொகுதியைப் பிரித்தனர். இது பழைய இழையின் பக்கத்தில் ஏறத்தாழ 70 பாகைக் கோணத்தில் புதிய கிளையைத் தொடங்குகிறது என 1998 இல் காட்டப்பட்டது. கிளையற்ற இழைகளை ஃபோர்மின்கள் தொடங்குகின்றன என்பது 2002 இல் தெரியவந்தது.

மருத்துவ முக்கியத்துவம்

விசுகாட்-ஆல்ட்ரிச் நோயுடன் பிறக்கும் சிறுவர்களுக்கு அடிக்கடி தொற்றும் இரத்தப்போக்கும் ஏற்படும். இந்நோய்க்குக் காரணமான மரபணு 1994 இல் கண்டறியப்பட்டபோது, அதன் புரதம் என்ன செய்கிறது என்பது தெளிவாகவில்லை. ஆர்ப்2/3 தொகுதியைத் தூண்டுவதே அதன் பணி என்பது சில ஆண்டுகளில் விளங்கியது. அப்புரதம் பழுதுபட்டால் வெள்ளணுக்கள் தொற்றிடத்தை நோக்கிச் சரியாக நகர முடிவதில்லை. தசைக் கரைசலில் தொடங்கிய ஆய்வு, இவ்வாறு ஒரு குழந்தை நோயின் காரணத்தை விளக்கியது.