கிரிப்டோ வாலட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி? சாவி யாரிடம் என்பதே முதல் கேள்வி

இந்தியாவின் முன்னணி கிரிப்டோ வர்த்தகத் தளங்களில் ஒன்றான வாஸிர்எக்ஸ், 2024 ஜூலை 18 அன்று இணையத் திருட்டுக்கு உள்ளானது. சுமார் 23 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ நாணயங்கள் களவாடப்பட்டன. நாணயங்களை வெளியே எடுக்கும் வசதி நிறுத்தப்பட்டது. தளம் 2025 அக்டோபரில்தான் மீண்டும் செயல்படத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில், கணக்கில் இருப்பு திரையில் தெரிந்தும் லட்சக்கணக்கான பயனர்களால் அதைத் தொட இயலவில்லை.

அத்தளம் தொடர்பான வழக்கு ஒன்றில், கிரிப்டோ நாணயம் உடைமையாகக் கொள்ளத்தக்க சொத்தே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. அச்சொத்தை எங்கே, யாருடைய பொறுப்பில் வைப்பது என்பதை முடிவு செய்வதே வாலட் தேர்வின் சாரம்.

வாலட்டில் இருப்பது என்ன?

வாலட் என்றால் பணப்பை என்று பொருள் கொண்டாலும், அதனுள் நாணயம் எதுவும் இருப்பதில்லை. யாரிடம் எவ்வளவு உள்ளது என்ற கணக்கு பிளாக்செயின் பதிவேட்டில் உள்ளது. அந்தக் கணக்கிலிருந்து நாணயத்தை அனுப்ப உதவும் ரகசியச் சாவியை மட்டுமே வாலட் வைத்திருக்கிறது.

பெரும்பாலான வாலட்கள் இச்சாவியை 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாகத் தருகின்றன. 2,048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து இவை அமைகின்றன. மீட்புச் சொற்றொடர் எனப்படும் இச்சொற்களை வரிசை மாறாமல் அறிந்த எவரும், எந்த நாட்டிலிருந்தும், அக்கணக்கை முழுமையாகக் கையாளலாம். சொற்றொடரும் வாலட் உள்ள கருவியும் தொலைந்தால், உரியவரே ஆனாலும் சொத்தை மீட்க வழியில்லை.

வெப்3 எனப்படும் பரவலாக்கப்பட்ட இணையத்தில் வாலட்டே அடையாள அட்டையாகவும் விளங்குகிறது. நாணயப் பரிமாற்றத்துக்கான யூனிஸ்வாப், கடன் சேவைக்கான ஏவ் போன்ற செயலிகளில் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கிடையாது. வாலட்டை இணைப்பதே உள்நுழைவு. வாலட் வழியாக இடும் எண்மக் கையொப்பமே ஒப்புதல்.

நான்கு வகைகள்

முதல் வகை, வர்த்தகத் தளமே சாவியை வைத்திருப்பது. கடவுச்சொல்லை மறந்தாலும் மீட்கலாம் என்பது இதன் வசதி. தளம் முடங்கினால் சொத்தும் முடங்கும் என்பது இதன் ஆபத்து. இத்தகைய கணக்கை வெப்3 செயலிகளுடன் நேரடியாக இணைக்கப் பெரும்பாலும் இயலாது.

இரண்டாவது, கைபேசியிலோ உலாவியிலோ இயங்கும் மென்பொருள் வாலட். ஈத்தேரியம் சார்ந்த வலையமைப்புகளுக்கு 2016-இல் வெளிவந்த மெட்டாமாஸ்க், சொலானா வலையமைப்புக்கெனத் தொடங்கப்பட்ட ஃபேண்டம் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. சாவி பயனரிடமே இருக்கும். ஆனால் அது இணையத்தில் இணைந்த கருவியில் இருக்கிறது. 2022 ஆகஸ்டில், சொலானா பயனர்கள் பயன்படுத்திய ஸ்லோப் என்ற வாலட் செயலியிலிருந்து மீட்புச் சொற்றொடர்கள் கசிந்ததையடுத்து, ஆயிரக்கணக்கான வாலட்கள் காலி செய்யப்பட்டன.

மூன்றாவது, லெட்ஜர், ட்ரெஸார் போன்ற வன்பொருள் வாலட். சாவி தனிக் கருவிக்குள்ளேயே இருக்கும். கையொப்பமும் அதனுள்ளேயே நிகழும். மெட்டாமாஸ்க் போன்ற மென்பொருளுடன் இதை இணைத்தும் பயன்படுத்தலாம்.

நான்காவது, ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகளின் ஒப்புதல் தேவைப்படும் கூட்டுக் கையொப்ப வாலட். நிறுவனங்களும் குழுக்களும் பொதுப் பணத்தைக் கையாள இது ஏற்றது.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பயன்படுத்த விரும்பும் செயலி எந்த வலையமைப்பில் இயங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். வாலட் ஆதரிக்காத வலையமைப்பில் அனுப்பப்படும் நாணயத்தை மீட்பது கடினம்.

மூல நிரல் வெளிப்படையாக உள்ளதா, பாதுகாப்புத் தணிக்கை நடந்துள்ளதா, வன்பொருள் வாலட்டை இணைக்க இயலுமா என்பவை அடுத்த கேள்விகள். வாலட்டை அதன் அதிகாரபூர்வ தளத்தின் இணைப்பு வழியாகவே பதிவிறக்க வேண்டும். தேடுபொறி விளம்பரங்களில் தோன்றும் போலி செயலிகள் மீட்புச் சொற்றொடரைத் திருடுவதற்கென்றே உருவாக்கப்படுகின்றன.

கையொப்பமிடும் முன் பரிவர்த்தனையின் விளைவைப் புரியும்படி காட்டும் வாலட்டுக்கு முன்னுரிமை தருவது நல்லது. 2025 பிப்ரவரியில் துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட பைபிட் தளம் சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் நாணயங்களை இழந்தது. அங்கே கூட்டுக் கையொப்ப முறை நடைமுறையில் இருந்தது. எனினும் திரையில் காட்டப்பட்டது ஒன்று, கையொப்பம் பெறப்பட்டது வேறொன்று.

சாதாரணப் பயனருக்கும் இதே ஆபத்து உண்டு. வெப்3 செயலிகள் பயனரின் நாணயத்தை எடுத்துக்கொள்ள முன்கூட்டியே அனுமதி கோருகின்றன. 2021 டிசம்பரில் பேட்ஜர் டிஏஓ இணையதளத்தில் ஊடுருவியவர்கள், இத்தகைய அனுமதிகளைப் பயனர்களிடமிருந்தே பெற்று சுமார் 12 கோடி டாலரைக் கைப்பற்றினர். ஆகவே வரம்பற்ற அனுமதியைத் தவிர்த்து, தேவையான தொகைக்கு மட்டும் அனுமதிப்பதும், பழைய அனுமதிகளை அவ்வப்போது ரத்து செய்வதும் அவசியம்.

இரண்டு வாலட்களைத் தனித்தனியே வைத்திருப்பது எளிய பாதுகாப்பு முறை. சேமிப்பை எந்தச் செயலியுடனும் இணைக்காத வன்பொருள் வாலட்டிலும், அன்றாடப் பயன்பாட்டுக்கான சிறு தொகையை மென்பொருள் வாலட்டிலும் வைக்கலாம். புதிய முகவரிக்கு முதலில் சிறு தொகையை அனுப்பிச் சோதித்துப் பார்ப்பதும் நன்று.

மீட்புச் சொற்றொடரைக் காகிதத்தில் எழுதி, இரு வேறு பாதுகாப்பான இடங்களில் வைக்க வேண்டும். கைபேசியில் படம் எடுப்பதோ மின்னஞ்சலில் சேமிப்பதோ கூடாது. வங்கிக் கணக்கைப் போல இதற்கு நியமனதாரர் வசதி இல்லை. எனவே, உரியவரின் மறைவுக்குப் பின் அது எங்கே கிடைக்கும் என்பதைக் குடும்பத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவராவது அறிந்திருக்க வேண்டும்.

இந்தியச் சட்ட நிலை

கிரிப்டோ நாணயம் இந்தியாவில் சட்டப்பூர்வ செலாவணி அல்ல. அதன் மூலம் ஈட்டும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வருமான வரி விதிக்கப்படுகிறது. பரிமாற்றத்தின்மீது 1 சதவீத வரிப் பிடித்தம் அதே ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சொந்த வாலட்டுக்கு மாறுவதால் வரிப் பொறுப்பு நீங்காது. பரிவர்த்தனைக் கணக்கைப் பயனரே பராமரிக்க வேண்டியிருக்கும்.

வர்த்தகத் தளங்கள் 2023 மார்ச் முதல் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துள்ளன. நாணயம் வாங்கும் தளம் மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்றதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பிளாக்செயினில் பதிவான பரிமாற்றத்தை வங்கி போல எவரும் திரும்பப் பெற்றுத்தர இயலாது. மோசடி நிகழ்ந்தால் எஞ்சிய தொகையை உடனே புதிய வாலட்டுக்கு மாற்றிவிட்டு, 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் தாமதமின்றிப் புகார் அளிக்க வேண்டும்.